நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்

புதுச்சேரி நகரின் வடபுறத்தே கருவடிக்குப்பம் என்றோர் ஊர் உளது. பாரதியார் புதுவையில் வாழ்ந்த நாளில் விரும்பிச் சென்ற குயில்தோப்பு அவ்வூரைச் சார்ந்ததாகலின், தமிழ் பயில்வோர் அதன் பெயரை நன்கறிவர். ஆனால் அதே ஊரின் மயானத்தில் மற்றொரு தமிழ்ப் பாவலரும் அடங்கியிருக்கின்றார் என்பதை அறிந்தார் நம்முட் சிலரே. அறியாதார் கூட்டத்தில் யானும் நெடுநாள் ஒருவனாய் இருந்தேன். பிள்ளையார்குப்பத்தில் பிறந்து வளர்ந்து, புதுவைக்குப் பன்முறை சென்று மீண்ட எனக்கு அச்சமாதி கண்ணிற்படாமற் போனது பெரிதன்று. தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் நாடக இலக்கியம் பயின்று ஓராண்டு கழிந்த பின்னரும் அப்பெயர் செவியில் ஏறாமற் போனதே பெரிது. தமிழ் நாடக உலகம் தன் தலைமையாசிரியர் என்று போற்றும் சங்கரதாஸ் சுவாமிகளே அவர். அவருடைய வாழ்க்கையை இம்மலரில் ஒருவாறு கூற முற்படுகின்றேன்.

1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில், தாமோதரக் கணக்கப்பிள்ளைக்கும் பேச்சியம்மாளுக்கும் மகனாக அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் இராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சியுடையவராய், இராமாயணப் புலவர் என்றே ஊராரால் அழைக்கப்பெற்றவர். ஆதலின் மைந்தருக்கு முதலாசிரியர் வீட்டுத் திண்ணையிலேயே அமைந்துவிட்டார். பின்னர், வண்ணம் பாடுவதில் நிகரற்றவர் எனப் பெயர் பெற்ற பழனித் தண்டபாணி சுவாமிகளை அடைந்து தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். பதினாறு வயது நிரம்பும் முன்னரே வெண்பாவும் கலித்துறையும் இசைப்பாட்டும் இயற்றும் ஆற்றல் அவருக்கு வாய்த்தது என்பர். ஆயினும் வெண்பா பாடினால் வயிறு நிரம்புமோ? தூத்துக்குடி உப்புப் பண்டகசாலை ஒன்றிற் கணக்கராகச் சில காலம் அவர் வேலை பார்த்தார். கணக்கப்பிள்ளையின் மகன் கணக்கராவது வியப்பன்று. அவ்வேலையிலேயே அவர் நிலைத்திருந்தால் நாம் இன்று அவரைப் பற்றிப் பேசப் போவதும் இல்லை.

தமது இருபத்துநான்காம் வயதில், அஃதாவது 1891ஆம் ஆண்டளவில், அவர் கணக்கேட்டை மூடிவிட்டு நாடகக் கம்பெனியிற் சேர்ந்தார். அவ்வாண்டு தமிழ் நாடக வரலாற்றிலே ஒரு சிறப்பான ஆண்டு. திருவனந்தபுரத்திற் பேராசிரியராய் விளங்கிய சுந்தரம் பிள்ளையவர்களின் மனோன்மணீயம் அச்சேறி வெளிவந்தது 1891இல். சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார், வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களுமாகிய தம் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாச சபையைத் தொடங்கியதும் அதே ஆண்டில். ஒருவர் படிப்பதற்கென நாடகம் எழுதினார். மற்றவர் பிழைப்புக்கென அன்றி ஆர்வத்திற்கென நடிக்கும் கனவான்களுக்கு மேடை அமைத்தார். மூன்றாமவராகிய நம் சங்கரனாரோ நடிப்பையே பிழைப்பாகக் கொண்ட கூட்டத்தோடு கூடிக் கலந்தார். முதலிருவரும் அவ்வாண்டிலே செய்தது ஊரார் மதிக்கத்தக்க செயல். மூன்றாமவர் செய்தது குடும்பத்தார் தலை குனியத்தக்க செயல் என்றே அந்நாளிற் கருதப்பட்டிருக்கும். கூத்தாடி என்னும் சொல் வசைச்சொல்லாக வழங்கிய காலம் அது. நல்ல வீட்டார் கம்பெனி நடிகருக்குப் பெண் கொடார். குடியிருக்க வீடு தருவதற்கும் தயங்குவர்.

அன்றைய மேடையின் நிலையும் மெச்சத்தக்கதாக இல்லை. தெருக்கூத்தினின்று கொட்டகை நாடகம் பிரிந்து வளர்ந்துகொண்டிருந்தது. வடநாட்டிலிருந்து வந்த பார்ஸிக் கம்பெனிகளைப் பார்த்துத் திரைச்சீலைகளும் ஜரிகை உடைகளும் ஹார்மோனியமும் புகுந்தன. பாட்டுக்கள் இருந்தன, அவற்றுக்கிடையே பேச வேண்டிய வசனம் மட்டும் நடிகனின் நாவன்மைக்கு விடப்பட்டிருந்தது. வாய் வல்லவன் ஒருவன், தன்னோடு நடிப்பவனைத் தர்க்கத்தில் மடக்குவதற்காகவே கதையை மறந்து மணிக்கணக்கிற் பேசுவான். தமயந்தியும் நளனும் காட்டிற் பிரியும் கட்டத்திலே, இருவருக்கும் இலக்கணச் சண்டை மூண்டுவிடுவதும் உண்டு. கதையைக் காண வந்தவர் சண்டையைக் கண்டு களித்துத் திரும்புவர்.

இந்த மேடையிலே சங்கரனார் முதலில் நடிகராகவே புகழ் பெற்றார். கல்யாணராமய்யர் முதலியோரின் கம்பெனிகளில் அவர் தாங்கிய வேடங்கள் இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் போன்றவை. கம்பீரமான உடலும் இடிபோன்ற குரலும் உடையவர். பாத்திரத்தின் இயல்பைப் புலவராகவும் உணர்ந்தவர். அச்சந் தரும் வேடங்களுக்கு அவரைப் போன்றவர் இல்லை என்றாயிற்று. அப்புகழே அவர் நடிப்புக்கு முடிவாகவும் அமைந்தது.

சாவித்திரி நாடகத்தில் ஒருநாள் அவர் எமனாக வந்து, சத்தியவானின் உயிரைக் கவரப் பாசக்கயிற்றை வீசி ஆர்ப்பரித்தபோது, அவையில் இருந்த கருவுற்ற பெண்ணொருத்தி நடுங்கி வீழ்ந்து கருச்சிதைவுற்றாள். மற்றொரு நாள் நளன் நாடகம் முடிந்து, சனீசுவர வேடத்தின் கரியும் எண்ணெயுங் கலையாமலே, விடியற்காலையிற் குளக்கரைக்குச் சென்றார். நீர் முகக்க வந்த ஒரு பெண் அரையிருளில் அவ்வுருவைக் கண்டு அஞ்சி அங்கேயே உயிர் துறந்தாள். அவருடைய மாணவர் வழியாக இச்செய்திகள் நமக்கு வந்துள்ளன. சொல்லச் சொல்ல வளர்வது இத்தகைய கதைகளின் இயல்பு என்பதை யான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் பின்விளைவு கதையன்று. தம் கலை வேறோர் உயிருக்குத் தீங்காய் முடிந்ததே என்று உள்ளம் நொந்த அவர், பெயரும் பொருளும் பெருகிவந்த வேளையிலேயே நடிப்பை விட்டொழித்தார். அதன்பின் அவர் வேடம் தாங்கவில்லை.

இவ்விடத்தில் என்னைப் பற்றி ஒரு சொல் கூற நேயர்கள் பொறுப்பார்களாக. கிறிஸ்துமஸ் நாடகம் ஒன்றில் எங்கள் ஊரில் யான் ஏரோது மன்னன் வேடம் பூண்டேன். குழந்தைகளைக் கொல்லுமாறு சேவகருக்கு ஆணையிட்டு வாளை உருவிய போது, முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் வீரிட்டலறித் தாயின் மடியிற் புதைந்தான். அன்றிரவு அவனுக்குக் காய்ச்சல் கண்டது என்று மறுநாள் கேள்வியுற்றேன். அதைக் கேட்டு யான் வருந்தவில்லை. என் நடிப்பின் வெற்றி என்றே ஒருவாரம் நண்பரிடம் பெருமை பேசித் திரிந்தேன். சுவாமிகளின் வரலாற்றில் இப்பகுதியைப் படித்த நாளில்தான் அச்சிறுவனின் முகம் என் நினைவுக்கு வந்தது.

வேடத்தை விட்டவர் காவியைப் பூண்டார். கம்பெனியையும் துறந்து, கோயில் கோயிலாகத் தலயாத்திரை செய்தார். சங்கரதாஸ் சுவாமிகள் என்னும் பெயர் இந்நாளில் அமைந்ததே. இவ்வாறு திரிந்தவரைப் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரிய கருவியாக்கிய லய மேதை அவரே. தட்சிணாமூர்த்திப் பிள்ளை போன்ற பெருங் கலைஞர்களின் ஆசானும் அவரே. சுவாமிகளை அவர் மகனாகவே பாவித்து, தாளத்தின் நுட்பங்களையெல்லாம் கற்பித்தார். தண்டபாணி சுவாமிகளிடம் சந்தத்தை எழுத்தாகக் கற்றவர், மான்பூண்டியா பிள்ளையிடம் அதனை ஒலியாகக் கற்றார் என்று சொல்லலாம். பிற்காலத்தில் அவர் இயற்றிய பாடல்கள் பாடுவோர் வாயில் இடறாமல் ஓடுவதற்கு இந்தப் புதுக்கோட்டைப் பயிற்சியே காரணம் என்பது என் துணிபு. ஏட்டுப் புலவர் பலர் எழுதிய கீர்த்தனங்கள் தாளத்துக்கு ஏறாமல் நொண்டுவதை நாம் காண்கின்றோம்.

துறவியாகவே அவர் இருந்துவிட்டிருக்கலாம். மான்பூண்டியா பிள்ளையே நாடகத்தை விட்டுவிடலாகாது என்று அவரை மீண்டும் தூண்டினார் என்பர். சுவாமிகள் திரும்பினார், நடிகராக அன்று, ஆசிரியராக. மேடையின் திரைக்கு முன்னே நின்றவர் இனித் திரைக்குப் பின்னே நின்றார். பல கம்பெனிகளுக்கு நாடகம் எழுதித் தந்தார். நடிகருக்குப் பயிற்சி அளித்தார். ஆனால் முதிர்ந்த நடிகரை வைத்துக்கொண்டு தாம் விரும்பிய ஒழுங்கை நிலைநாட்ட இயலாது என்பதை அவர் விரைவிற் கண்டுகொண்டார். குடித்துவிட்டு மேடையேறுவோரும், எழுதிய வசனத்தை இகழ்ந்து தம் மனம்போனவாறு பேசுவோரும், நாடகத்தன்று சொல்லாமல் ஊரைவிட்டு ஓடுவோரும் நிறைந்திருந்தனர். ஆகவே 1910ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபை என்னும் பெயரால், சிறுவர்களையே நடிகராகக் கொண்ட கம்பெனியைத் தொடங்கினார். செங்கோட்டையிற் பிறந்து பின்னாளில் தமிழகத்தையே தம் குரலால் மயக்கிய கிட்டப்பாவும் அவருடைய சகோதரரும் பால்யத்தில் இச்சபையிற் பயின்றவர்கள். அடுத்து ஜகந்நாதய்யர் நடத்திய பாலர் கம்பெனியிலும் சுவாமிகள் ஆசிரியராய் இருந்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபை தோன்றியபோது அதன் ஆசிரியராய் அமர்ந்து, தம் இறுதி மட்டும் அதனோடு பிரியாமல் இருந்தார்.

பாலர் கம்பெனி என்பது இக்காலத்து நம் செவிக்குச் சற்றே கசப்பான சொல். ஆறு வயதும் எட்டு வயதும் நிரம்பிய பிள்ளைகள் தாய்தந்தையரைப் பிரிந்து, ஊர் ஊராகக் கம்பெனி வீட்டிலே தங்கி, இரவெல்லாம் விழித்து நடிப்பர். பகலிற் பாடம் கேட்பர். பள்ளியில் இருக்கவேண்டிய பிள்ளைகள் பெரியோரின் வருவாய்க்காக உழைத்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. சுவாமிகளும் கண்டிப்பு மிக்கவரே. எனினும் அவர் அப்பிள்ளைகளுக்கு வேடம் மட்டும் கற்பிக்கவில்லை, தமிழ் கற்பித்தார். குறளும் நாலடியும் அவர்கள் நாவில் ஏறின. சொல்லைத் திருத்தமாக ஒலிக்கவும், செய்யுளைச் சீர் பிரித்துப் பொருள் விளங்கப் பாடவும் கற்றனர். வறுமையால் எழுத்தறிவே பெறாமற் போயிருக்கக்கூடிய பலர், ழகரத்தையும் ளகரத்தையும் மயங்காமல் பேசும் மேடைத் தமிழர் ஆயினர். இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கினாலன்றி நாம் அவரிடம் நீதியாக நடந்தவர் ஆகோம்.

மதுரைச் சபையிற் சேர்ந்த பிள்ளைகளுள் டி. கே. எஸ். சகோதரர் என்று பின்னர் விளங்கியவர்களும் இருந்தனர். அவர்களுட் சண்முகம் என்பவருக்கு அப்பொழுது வயது ஆறு. அச்சிறுவனிடம் இருந்த தெளிந்த சொல்லாற்றலைக் கண்ட சுவாமிகள், அவன் தலைமை வேடம் தாங்குவதற்கென்றே ஒரு நாடகம் எழுதக் கருதினார். ஒருநாள் இரவு உணவுக்குப் பின் விளக்கும் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு அமர்ந்தார். பிள்ளைகள் உறங்கச் சென்றனர். மறுநாட் காலையில் அவர்கள் எழுந்தபோது அபிமன்யு சுந்தரி நாடகம் முற்றுப் பெற்றிருந்தது. நான்கு மணி நேரம் நடக்கத்தக்க நாடகம், நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள், உரையாடல்கள் வேறு, அடித்தலும் திருத்தலும் இல்லை. அதனை அருகிருந்து கண்ட சண்முகமே முதியவரான பின் இதனை எழுதிவைத்திருக்கின்றார். ஓர் இரவிற் காவியம் பாடினார் என்று பழம் புலவரைப் பற்றிப் படிக்கும்போது நாம் புன்னகை செய்கின்றோம். இஃதோ நம் பாட்டனார் தலைமுறையின் காலத்தே, சான்றோடு நிகழ்ந்தது.

அவ்விரவின் அற்புதத்தைப் பற்றி எண்ணுங்கால் எனக்கு வேறொன்றும் தோன்றுகின்றது. இரணியனும் எமனும் சனீசுவரனுமாய் வந்து பெண்களை நடுங்கச் செய்தவர், அவ்விரவிலே ஆறு வயதுப் பிள்ளையொருவனின் மூச்சுக்கும் குரலுக்கும் ஏற்றவாறு அளந்தளந்து பாட்டெழுதினார். இத்தகைய ஆசிரியர் கிடைத்தல் அரிது.

சுவாமிகள் இயற்றிய நாடகங்களின் தொகையைச் சிலர் நாற்பது என்பர். சிலர் அறுபத்தெட்டு என்பர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சாரங்கதரன், நல்லதங்காள், சதி சுலோசனா, சத்தியவான் சாவித்திரி, பிரகலாதன், இலவகுசா முதலியன நாடறிந்தவை. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட், சிம்பலின் என்னும் நாடகங்களையும், வடமொழி மிருச்சகடிகத்தையும் அவர் தமிழ் மேடைக்கு ஆக்கித் தந்தார் என்பது பலருக்கு வியப்பளிக்கும். இவற்றுட் பல இன்று கிடைக்கவில்லை. கம்பெனிகள் தம் நாடகத்தைப் பிறர் ஆடாதிருக்கும்பொருட்டுக் கையெழுத்துப் பிரதியைப் பெட்டியிற் பூட்டி வைத்திருந்தன. கம்பெனி கலைந்தபோது பெட்டியும் போயிற்று.

அவருடைய நாடகங்களில் வெண்பாவும் விருத்தமும் கலித்துறையும் வரும். அவற்றை அடுத்தே சிந்தும் கும்மியும் வரும். பார்ஸி மெட்டுக்கு அமைந்த பாட்டும் வரும். குறட்கருத்தை ஒரு காவற்காரன் வாயிலும் வைப்பார். புலவர்க்கு உரியது, பாமரர்க்கு உரியது என்று அவர் தமிழைப் பங்கிட்டு வைக்கவில்லை. குறையும் உண்டு. எல்லாப் பாத்திரமும் ஒரே நடையிற் பேசுதல், எதுகைக்காகச் சொல்லை நீட்டுதல், துயரக் கட்டத்திலும் பாட்டு நீண்டுபோதல் ஆகியவற்றை யானும் கண்டேன். கோவலன் நாடகத்தின் கதையோ இளங்கோவடிகளின் காப்பியத்தைக் காட்டிலும் நாட்டார் வழங்கிய கோவலன் கதைக்கே நெருங்கியது. சிலம்பைப் பாடமாகக் கற்ற நமக்கு அது உறுத்தும். ஆனால் சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் முழுமையாகப் பதிப்பித்தது 1892இல்தான். அதற்கு முன்னும் பின்னும் ஊர் மக்கள் அறிந்திருந்த கண்ணகி அக்கதைக் கண்ணகியே. கற்றோர் நூலிற் கண்ட கண்ணகியைக் கல்லாதார் அறிவதற்கு முன்பே, கண்ணகி என்னும் பெயரை அவர்கள் மறவாதபடி காத்தது கொட்டகை மேடை.

பரிதிமாற் கலைஞரை நாம் அனைவரும் அறிவோம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்து, 1897இல் நாடகவியல் என்னும் இலக்கண நூலை வெளியிட்டவர் அவர். முப்பத்துமூன்று வயதிலே மறைந்தார். நாடகம் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று அவர் கல்லூரியிலிருந்து சூத்திரம் செய்த அதே ஆண்டுகளில், சுவாமிகள் தகரக் கொட்டகைகளில் நாடகம் செய்துகொண்டிருந்தார். இருவரும் சந்தித்திருந்தால் ஒருவருக்கொருவர் எவ்வளவோ உதவியிருப்பர். நம் பாடத்திட்டத்தில் நாடகவியல் உண்டு; மனோன்மணீயம் உண்டு; மேடையேறி வென்ற வள்ளி திருமணம் இல்லை. நாடகத்தை நாம் ஆடுவதற்குரியதாக எண்ணாமல் தேர்வெழுதுவதற்குரியதாக எண்ணுகின்றோம் போலும். இதனை எம் ஆசிரியப் பெருமக்கள் குறையாகக் கொள்ளாமல் விண்ணப்பமாகக் கொள்வார்களாக.

தென்மாவட்டங்களில் ஸ்பெஷல் நாடகம் என்று ஒன்று வழங்குகின்றது. ஒரு நடிகர் மதுரையிலிருந்து வருவார். நடிகை புதுக்கோட்டையிலிருந்து வருவார். ஹார்மோனியக்காரர் வேறோர் ஊரினர். ஒருவரையொருவர் முன்னர்க் கண்டிரார், ஒத்திகையும் இல்லை. இரவு பத்து மணிக்கு மேடையில் எதிர்ப்படுவர். விடியும் வரை வள்ளி திருமணம் தடையின்றி நடக்கும். இஃது எவ்வாறு இயல்கின்றது? வேலனும் வள்ளியும் நாரதரும் பேசவேண்டிய சொல்லையும் பாட்டையும் சுவாமிகள் எழுதிவைத்துவிட்டார். நடிகர் அனைவருக்கும் அது மனப்பாடம். மேடைப் பேச்சு நடிகனின் மனம்போல ஓடலாகாது என்று போராடியவரின் எழுத்து, இன்று முன்பின் அறியாத நடிகரை ஓரிரவில் ஒரு குடும்பமாக்குகின்றது. பபூனும் தர்க்கமும் இடையே புகுந்து கதையை இழுத்துச் செல்வது உண்மையே. அதை அவர் கண்டிருந்தால் சினந்திருப்பார்.

1921ஆம் ஆண்டில் சபை சென்னையில் நாடகம் நடத்திவந்தபோது சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கிற்று. கையும் காலும் செயலிழந்தன; அதனினும் கொடிதாக, வாய் பேச முடியாமற் போயிற்று. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டிய குரல் அடங்கிவிட்டது. ஓரிரவில் ஒரு நாடகம் எழுதிய கை ஓரெழுத்தும் எழுதமாட்டாதாயிற்று. மருத்துவங்கள் பல செய்தும் பயனில்லை. ஆயினும் சபையார் அவரைக் கைவிடவில்லை. ஊர் ஊராகச் சபை சென்றபோது அவரையும் உடன் அழைத்துச் சென்றனர். தாம் எழுதிய பாட்டைப் பிள்ளைகள் பாடக் கேட்டு, தவறு நேரின் திருத்தச் சொல்லின்றி அவர் இருந்த அந்நாட்களை எண்ணவே நெஞ்சு கலங்குகின்றது.

அவ்வாறு சபை புதுச்சேரிக்கு வந்து முகாமிட்டிருந்தது. அந்நாளில் அது பிரஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட நகரம். 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், திங்கட்கிழமை இரவு பதினொரு மணிக்குச் சுவாமிகள் உயிர் நீத்தார். வயது ஐம்பத்தைந்து. மணம் புரியாதவராதலின் மனைவி மக்கள் இல்லை. பிறந்த ஊரோ நெடுந்தொலைவு. மாணவரும் சபையாரும் சூழ, கருவடிக்குப்பத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. பாரதியார் சென்னையில் மறைந்து பதினான்கு திங்கள் ஆகியிருந்தது. நெல்லைச் சீமையிற் பிறந்த இருவருள், புதுவையில் வாழ்ந்தவர் சென்னையில் முடிந்தார். சென்னையில் நோயுற்றவர் புதுவையில் முடிந்தார்.

அவர் மறைந்த பிறகு அவருடைய நாடகங்கள் புதிய உலகொன்றிற் புகுந்தன. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் வள்ளி திருமணத்தில் எதிரெதிரே பாடிய புகழ் கடல் கடந்து இலங்கைக்கும் சென்றது. பேசும் படம் வந்தபோது படத்துறையார் கதை தேடி அலையவில்லை. கொட்டகையில் ஜனங்கள் கண்டு பழகிய கதைகளையே எடுத்துக்கொண்டனர். 1933இல் வள்ளி திருமணம் படமாயிற்று. 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய பவளக்கொடியில் தியாகராஜ பாகவதர் அருச்சுனனாகத் தோன்றி முதன்முதல் திரையில் பாடினார். சுவாமிகளின் மாணவர் சண்முகம் 1935இல் மேனகா என்னும் படத்தில் நடித்தார். பின்னர் மேடையில் ஔவையாராக வேடந் தாங்கி, ஔவை சண்முகம் என்றே பெயர் பெற்றார். தமிழ்த் திரையின் முதல் இருபதாண்டுகளில் நடித்தவருட் பெரும்பாலோர் பாலர் கம்பெனிகளில் உருவானவர்கள். சுவாமிகளின் முகத்தையே காணாதவரும் அவர் வகுத்த முறையிற் பயின்றவர்களே. சென்னையில் நடிகர் சங்கத்தார் தம் அரங்கிற்கு அவர் பெயரை இட்டது இந்நன்றியினால்.

சென்ற விடுமுறையில் யான் கருவடிக்குப்பம் சென்றேன். வழி கேட்டபோது ஒருவர் குயில்தோப்பைக் காட்டினார். மற்றொருவர் சித்தானந்தர் கோயிலைக் காட்டினார். தேநீர்க் கடையில் இருந்த முதியவர் ஒருவரே, நாடகக்காரச் சாமி சமாதியா தம்பி என்று கேட்டுச் சரியான வழியைச் சொன்னார். ஆண்டுதோறும் நவம்பர் 13ஆம் நாளில் நாடகக் கலைஞர்கள் அங்குக் கூடி, மாலையிட்டு, அவருடைய பாடல்களைப் பாடுவது வழக்கம். யான் சென்ற நாளில் ஒருவரும் இல்லை. சிறிது நேரம் நின்றிருந்து, பொழுது சாயும் முன் ஊருக்குப் பஸ் ஏறினேன். வருகின்ற நவம்பரில் நம் தமிழ்ச் சங்கத்தார் பத்துப் பேரேனும் என்னுடன் வருவதாயின், வழி கேட்கவேண்டியதில்லை, யான் அறிவேன்.